ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்

அத்தியாயம் பதினான்கு

பத்தொன்பது நாளாக அந்த வீட்டின் முன்னறையில் ஆம்ப்ளிஃபயர் அணையவில்லை.

பாட்டுக்காக அல்ல. அந்த வீட்டில் பாட்டுக் கேட்டும் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. ஜன்னலோர அலமாரியில், பெட்டியின் தலைமேல் நின்ற நான்கு வால்வுகள் மட்டும் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்குள் செம்மஞ்சளாக ஓர் இழை. பக்கத்தில் போனால் முகத்தில் சூடு அடிக்கும்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் டாக்டர், பாய்லர்காரரையும் மனைவியையும் மகளையும் உட்காரவைத்து, மனைவியைக் காட்டி, "இவங்க இதயத்துல ஒரு வால்வு சரியா மூடலை. மாத்தித்தான் ஆகணும்" என்று சொன்ன நாளை, வாராவாரம் இவர்களோடு வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாய்லர்காரர் மனைவியிடம் தண்ணீர் கொடுத்துவிட்டு, நேராகப் போய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். பாட்டு எதுவும் வைக்கவில்லை. போட்டதோடு சரி.

அதற்கு முன்னால், கேட்டு முடித்ததும் அணைத்து, ஆறியதா என்று தொட்டுப் பார்த்து, மேலே துணி போட்டு மூடுகிற மனிதர் அவர். அன்றைக்கு அணைக்கவில்லை. மறுநாளும் அணைக்கவில்லை. ஏன் என்று மனைவி கேட்கவில்லை. மகள் கேட்கவில்லை. அந்த வீட்டில் பேசியதைவிடப் பேசாமல் விட்டது எப்போதுமே அதிகம்.

இன்றைக்கு அப்படி விட முடியாது. சாயங்காலம் நாலு மணிக்குள் மருத்துவமனைக்குப் போன் செய்து, வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு வருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டில் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான்.

மூன்று மாதம் என்பது சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் மாடி வீட்டுக்கு ஏற நாலு இடத்தில் நிற்கிறவளுக்கு அது வேறு.

காலை பத்து மணிக்கு அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு பேன்ட்டின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆல்டரேஷன் கடைக்கு அவள் போய் இரண்டு மாதமாகிறது. துணிகளைப் பையில் போட்டு மாடிக்கே அனுப்பிவிடுகிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து உருப்படி முடித்த கைகள். இப்போது மூன்று முடிந்தால் அதுவே பெரிசு. பிரித்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். குனிந்தால் மூச்சு அடைத்தது.

"வெக்கையா இருக்கா?" என்றார் பாய்லர்காரர். பெரிய சலவை நிலையமொன்றில் நீராவி பாய்லரைக் கவனிப்பது அவர் வேலை. இந்த வாரம் பிற்பகல் ஷிஃப்ட்.

"இல்ல."

"ஜன்னலைத் திறக்கட்டுமா?"

"திறந்துதான் இருக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது.

போன் மணி அடித்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "சொல்லு மாப்ள" என்றபடியே சமையலறைக்குள் போனார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பி. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன். முந்தாநாள் மகள் அவனிடம், "அப்பா வாயைத் திறக்க மாட்டேங்கிறார். நீங்கதான் மாமா பேசிப் பாக்கணும்" என்று மாடிப்படியில் நின்று சொன்னது இவள் காதில் விழுந்திருந்தது.

கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

சமையலறையிலிருந்து துண்டு துண்டாக வந்தது குரல்.

"...இல்ல மாப்ள. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்... அதெல்லாம் சரி. வால்வை மாத்தணும்னா முதல்ல நிறுத்தணும். நிறுத்திட்டுத் திரும்ப ஓட விட்டா வரும்னு யார் உத்தரவாதம் குடுக்கறது? நீ குடுப்பியா?... வேண்டாம், விடு. ஓடற வரைக்கும் ஓடட்டும்."

ஓடட்டும்.

அவளா, அதுவா, யார் ஓடட்டும் என்று அந்தச் சொல்லில் இல்லை. தமிழில் அதற்குத் தேவையும் இல்லை. மனிதர் ஓடினாலும் மெஷின் ஓடினாலும் ஒரே 'ஓடட்டும்'தான். அவள் அதை எடுத்துத் தன் மேல் போர்த்திக்கொண்டாள். அளவு பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர் திரும்பி வந்தார்.

"தம்பியா?"

"ம்."

"என்னவாம்?"

"சும்மாதான்."

அவள் மறுபடியும் பேன்ட்டை எடுத்தாள். எதைப் பிரித்தோம், எதைப் பிரிக்கவில்லை என்று தெரியவில்லை. ஒரே இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபப்படவும் ஒரு மூச்சு வேண்டுமே.

அவர் குளிக்கப் போனதும் மகளுக்குப் போன் செய்தாள்.

"பாப்பா, ஆஸ்பத்திரிக்கு நீ போன் பண்ண வேண்டாம்."

மகள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினின் சத்தம் பின்னால் கேட்டது. பிறகு அது நின்றது. "ஏம்மா?"

"அப்பா முடிவு பண்ணிட்டார். வேண்டாமாம். உங்க மாமாகிட்ட சொல்லிட்டிருந்தார்."

"எங்கிட்ட சொல்லல, உங்கிட்ட சொல்லல, மாமாகிட்ட சொன்னாராமா?"

"விடு. ஓடற வரைக்கும் ஓடட்டுமாம்."

போன் வைக்கப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது.

*

பன்னிரண்டரைக்கு மகள் வந்து நின்றாள். முப்பத்தொரு வயது. அந்த வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். கடை அங்கியைக்கூடக் கழற்றவில்லை. கையில் லென்ஸ் தேய்த்த வெள்ளைத் தூள். பாய்லர்காரர் ஷிஃப்டுக்குக் கிளம்ப, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அம்மா மெஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அப்பா, மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"ஆமா, சொன்னேன். அதுக்குள்ள உனக்குத் தந்தி வந்துடுச்சா?"

"யாரையும் ஒரு வார்த்தை கேட்காம எப்படிப்பா?"

"இதுல யாரைக் கேட்கணும்? இத்தனை வருஷமா வெச்சுக் காப்பாத்தறவன் நான். எப்ப என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாதா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பேன்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பாத்தறீங்களா? அப்பா, நீங்க என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"எல்லாம் தெரிஞ்சுதான். வயசாயிடுச்சு. கொஞ்ச நாளா முனகுது, இல்லேங்கல. திறந்து பார்த்தா உங்க மாமா அதோட விடுவானா? இன்னும் நாலு கோளாறு சொல்லுவான். எதுக்கு? பழசுதானே. போற வரைக்கும் போகட்டும்."

பழசு. அம்மாவின் கை நின்றது.

மகள் ஒரு அடி கிட்டே வந்தாள். "போயிடுச்சுன்னா?"

"போயிடுச்சுன்னா என்ன? வேற ஒண்ணு ஏற்பாடு பண்ணித் தரேன்னு உங்க மாமாவே சொல்லியிருக்கான். இதைவிட நல்லதா. கையடக்கமா."

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக. "நீங்க எதைப் பத்திப் பேசறீங்க?"

"ஆம்ப்ளிஃபயரைப் பத்தி. நீ?"

முதலில் சிரித்தது அம்மாதான். சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது, பிறகு இருமல். மகள் ஓடிப்போய் முதுகைத் தடவினாள். இருமிக்கொண்டே அவள், "கையடக்கமாவாம்... தம்பி... ஏற்பாடு பண்றானாம்..." என்றாள்.

பாய்லர்காரர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் டப்பாவைக் கீழே வைத்தார்.

"அடக் கடவுளே," என்றார். "நான் எங்கே அப்படிச் சொன்னேன்? நம்பலைன்னா அவனையே கேளுங்க."

மகள் கேட்கவே செய்தாள். போனை மெஷின் மேல் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி போட்டாள்.

"ஆம்ப்ளிஃபயரைப் பத்தித்தான்மா," என்றான் மாமா. "உங்கம்மா விஷயத்தைப் பேசலாம்னுதான் கூப்பிட்டேன். அத்தான் அந்தப் பக்கமே விடல. பாட்டே இல்லாம அதைப் பத்தொம்போது நாளா எரியவிட்டிருக்காராம். அதுல ஆம்லெட் போடாததுதான் பாக்கி."

"அணைச்சு அணைச்சுப் போட்டாத்தான் வால்வு சீக்கிரம் போகும்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார் பாய்லர்காரர் போனைப் பார்த்து.

"எல்லாரும்னா யாரு அத்தான்? அதுக்கு ஆயுசு மணிக்கணக்கு. நீங்க கேட்டாலும் கேட்காட்டியும், எரியற ஒவ்வொரு மணியும் அதுல கழியும். ஒரு மணி நேரத்துல திரும்பி வந்து கேட்கப் போறீங்களா, விட்டுட்டுப் போங்க, தப்பில்ல. வேலைக்குப் போறீங்க, தூங்கப் போறீங்கன்னா ஆஃப் பண்ணிடணும். ஆளில்லாத வீட்டுல அந்தச் சூட்டை விட்டுட்டுப் போறதே தப்பு. போடற நேரத்துல ஒரு அதிர்ச்சி இருக்கு, நான் இல்லேங்கல. அதைத் தாங்காமப் போற வால்வும் உண்டு. ஆனா அது ஏற்கெனவே எரிஞ்சு தேஞ்ச வால்வு. தேய வெச்சது யாரு?"

பாய்லர்காரர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"ஹலோ? அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்டா," என்றாள் அவள். "அப்புறம் பேசறேன்."

மகள் போனை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையோடு அலமாரிக்குப் போய் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

"பாப்பா!"

அப்பாவிடமிருந்து அப்படி ஒரு குரலை மகள் கேட்டதில்லை. அதட்டலாக இல்லை. மாடிப்படியில் கால் தவறியவன் போடுகிற சத்தம் மாதிரி இருந்தது.

இழைகள் சட்டென்று அணையவில்லை. ஆரஞ்சு சிவப்பானது, சிவப்பு பழுப்பானது, பிறகு கண்ணாடி வெறும் கண்ணாடியானது. பாய்லர்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுகிற தகடு எங்கோ உள்ளே டிக், டிக் என்றது. பத்தொன்பது நாளாக அந்த முனகல் அறையை எவ்வளவு நிறைத்திருந்தது என்பது, அது நின்ற பிறகுதான் மூன்று பேருக்கும் தெரிந்தது.

அவள் மெஷினின் பலகையைப் பிடித்து எழுந்து, அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மூச்சு சமநிலைக்கு வரும் வரை பேசவில்லை. அது கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது.

"சரி. அது ஆம்ப்ளிஃபயர்," என்றாள். "என்னைப் பத்தி என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

அவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். நகக்கண்களில் முப்பத்திரண்டு வருஷத்துக் கரி. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாதது. கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. மறுபடி பார்த்தார்கள்.

"காதுல விழுந்தது ஆம்ப்ளிஃபயரைப் பத்தித்தான்னு இப்பத் தெரிஞ்சுடுச்சு," என்றாள் அவள். "ஆனா நான் அதை என்னைப் பத்தின்னு எடுத்துக்கிட்டது தப்பா?"

"டாக்டர் சொன்னார்ல," என்றார் அவர். "நிறுத்துவாங்கன்னு."

"எதை?"

அவர் அதன் பெயரைச் சொல்லவில்லை. தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"ஆமா. அந்த நேரம் மெஷின் பாத்துக்கும். முடிஞ்சதும் திரும்ப ஓட வைப்பாங்க. அதையும்தான் சொன்னார்."

"அதையும் சொன்னார். எனக்கு முதல்ல சொன்னதுதான் காதுல நிக்குது." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "ஓடிட்டிருக்கற பாய்லர் என்னை ஏமாத்தினதே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்காக நிறுத்துவோம். ஆற விட்டுத் திரும்பப் பத்த வைக்கற அன்னிக்குத்தான் எங்கேயாவது கசியும். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது."

"அப்ப நிறுத்தாமலே விட்டுட வேண்டியதுதானே?"

"விட முடியாது. உள்ளே உப்புக் கட்டிடும்."

சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல் இருந்தது அவர் முகம்.

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்க பாய்லரும் வேண்டாம், தம்பி வால்வும் வேண்டாம். நான் மெஷின் இல்லை. மூணு மாசமா நான் படுத்துத் தூங்கலை, தெரியுமா? படுத்தா தண்ணிக்குள்ள அமுக்கற மாதிரி இருக்கு. உட்கார்ந்துட்டே விடியற வரைக்கும்..."

"தெரியும்."

"என்ன தெரியும்? நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா காலையிலதான் எழுந்திருக்கறீங்க."

"மூணாவது தலகாணி வெச்சது யாரு?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் இல்லை என்று தலையசைத்தாள்.

"திரும்பிப் படுத்துக்கிட்டு கேட்டுட்டிருப்பேன்," என்றார் அவர். "உன் மூச்சை. ஒண்ணு வந்து அடுத்தது வர லேட் ஆனா, நான் என் மூச்சை நிறுத்திக்குவேன். வந்ததும் விடுவேன்."

கீழே அந்த வண்டி கிளம்பிப் போயிருந்தது. எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை.

"இதைச் சொல்ல உங்களுக்குப் பத்தொம்போது நாளா?" என்றாள் அவள்.

"எனக்குப் பயம்னு சொன்னா நீ போக மாட்டே. போகாதேன்னு நான் சொன்ன மாதிரி ஆயிடும். போன்னு சொல்லி, போய்..." அவர் முடிக்கவில்லை. "ரெண்டும் என் வாயால வர வேண்டாம்னு இருந்தேன்."

"நீங்க வாயைத் திறக்காததைத்தான் நான் வேண்டாம்னு எடுத்துக்கிட்டேன். போன் ஒரு சாக்கு."

"அது தெரியாது எனக்கு."

"எனக்கும்தான் பயம். யாராவது ஒருத்தர் முதல்ல சொல்லட்டும்னு உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டுல அது நடக்குமா?" என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு பேசியதே அவளுக்கு ஒரு மாடி ஏறின மாதிரி.

அவர் எழுந்து போய் ஒரு தலையணை கொண்டுவந்து அவள் முதுகுக்குப் பின்னால் சொருகினார். சரியாக அமரவில்லை. எடுத்து மறுபடி சொருகினார்.

"அப்பா, உங்க பஸ் போயிருக்கும்," என்றாள் மகள்.

"போகட்டும்."

சலவை நிலையத்துக்குப் போன் செய்தார். "இன்னிக்கு வர முடியலை. காலை ஷிஃப்ட்காரரை இருக்கச் சொல்லுங்க. காரணமா?" கொஞ்சம் யோசித்தார். "வீட்ல வேலை இருக்கு." முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன மிகப் பெரிய விளக்கம் அதுதான்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஷிஃப்டுக்கு மூடிய டப்பாவை அவர் வீட்டிலேயே திறந்து சாப்பிட்டார். மகள் கடைக்குத் திரும்பவில்லை. யாரும் மணி பார்க்காத மாதிரி எல்லாரும் மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே முக்கால். மூன்று. மூன்று பத்து.

மூன்று நாற்பதுக்கு அவள் போனுக்குக் கையை நீட்டினாள்.

"நான் பேசட்டுமாம்மா?" என்றாள் மகள்.

"வேண்டாம். படுக்கப் போறது நான்தானே."

மறுமுனையில் ஒரு பெண் குரல். அன்றைக்கு நூறாவது போனை எடுக்கிற சலிப்பு அதில் இருந்தது. நோயாளி எண் கேட்டது. இவள் சொன்னாள். "வர்றீங்களா, தள்ளிப் போடறீங்களா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவர் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

"வர்றேன்," என்றாள்.

"கூட இருக்கப் போறவர் யாரு? பேர் எழுதணும்."

மகள், "என் பேரைச் சொல்லும்மா" என்று வாயசைத்தாள். அம்மா சொல்லவில்லை. போனை அப்படியே கணவன் பக்கம் நீட்டினாள்.

அவர் அதைச் சூடான பாத்திரத்தை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஹலோ," என்றார். "ஒண்ணு கேட்கணும்ங்க. நிறுத்தின பிறகு, எவ்வளவு நேரம் கழிச்சுத் திரும்ப ஓட வைப்பாங்க?"

"என்ன சார்?"

"இல்ல... அந்த நேரத்துல வெளியில உட்கார்ந்திருக்கறவங்ககிட்ட யாராவது வந்து சொல்லுவாங்களா? நிறுத்தியாச்சு, ஓடுதுன்னு?"

சலிப்புக் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "சார், நான் பெட் போடறவ மட்டும்தான். எனக்கு அதெல்லாம் தெரியாது. டாக்டர்கிட்ட கேளுங்க, சொல்லுவாங்க. இப்ப நீங்க யாரு, உறவு?"

"வீட்டுக்காரர்," என்றார். "அவங்க வீட்டுக்காரர். நான்தான் கூட இருக்கப் போறேன்."

எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "இருங்க சார், ஒரு நிமிஷம்" என்றாள். யாருடனோ பேசினாள். திரும்பி வந்தாள்.

"சார், வியாழக்கிழமை உங்களுக்குப் போட்டிருந்த டாக்டர் அன்னிக்கு இல்லையாம். நாளைக்கு ஒரு பெட் காலியாகுது. காலைல ஏழு மணிக்கு வெறும் வயித்தோட வந்துடுறீங்களா? இல்லைன்னா மூணு மாசம் கழிச்சுத்தான் வரும்."

அவர் போனைக் கையால் மூடினார்.

"நாளைக்காம்," என்றார்.

மகள் சுவரில் சாய்ந்தாள். அம்மா தன் மடியைப் பார்த்தாள், பிறகு பாதி பிரித்த பேன்ட்டை. நாளைக்கு என்பது அவர்கள் யாரும் தயாராக வைத்திருந்த நாள் இல்லை. இன்னும் சொல்லாதது எவ்வளவோ இருந்தது. சொல்ல வியாழன் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று இப்போதுதான், சாப்பிடும்போதுதான், இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்திருந்தார்கள்.

"என்ன சொல்லட்டும்?" என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். மூச்சு வாங்கினாள்.

போனுக்குள்ளிருந்து சின்னதாகக் குரல் வந்தது. "ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா?"

பாய்லர்காரர் கையை எடுத்தார். மனைவியின் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"இருக்கோம்," என்றார்.